கன்னிமாரும் குறளியும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



சங்க அறை அலமாரியில் உள்ள மாயாஜால நாவல்களை எடுத்துவிடச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். குட்டிப் பிசாசு, பிள்ளை திருடும் ஃபேரி, இதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு என்பது உங்கள் கவலை. எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஃபேரியை நாம் 'தேவதை' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அயர்லாந்துக் கிராமங்களில் அது சிறகு முளைத்த பொம்மை அல்ல. பெயர் சொல்லவே பயந்து 'நல்லவர்கள்' என்பார்கள். தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகும். இரும்பைக் கண்டால் ஒதுங்கும். 2018இல் வந்த ஹோலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' நாவலில் இருப்பதும் இந்தப் பழைய ஃபேரிதான். அதற்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்லியே ஏமாற்றும். அது தரும் பழத்தைத் தின்றால் புத்தி மயங்கும், மாற்று உப்பு.

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையத்துப் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். இருட்டியபின் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குச்சட்டியோடு கரித்துண்டோ இரும்பாணியோ வைத்தனுப்பிய அம்மாச்சிகள் நம் ஊரில்தானே இருந்தார்கள்? பிள்ளை பெற்றவள் தலைமாட்டிலும் இரும்பு, வாசலில் வேப்பிலை.

உச்சிப்பொழுதில் ஆற்றுக்குப் போகாதே, கன்னிமார் குளிக்க வருவார்கள் என்பார்கள். ஃபேரியை அங்கே யாரும் கோயில் கட்டிக் கும்பிடுவதில்லை. நாமோ கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். அதனால் கன்னிமாரை ஃபேரி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் பயத்தின் வேலை ஒன்றுதான். 1895இல் பெரியாறு அணை வந்தபிறகு நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாயும் ஆறு இது. தண்ணீர் திறந்துவிட்ட நாளில் இழுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆளரவமற்ற நடுப்பகலில் பிள்ளையைக் கரையேற்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

காப்ளினுக்கும் நம்மிடம் ஆள் உண்டு. குறளி. குமுளி தாண்டினால் குட்டிச்சாத்தான். கூரையில் கல்லெறியும், சோற்றில் முடியைப் போடும். 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்துக்கு அவன்தான் நாயகன். ஹாரி பாட்டரில் காப்ளின்கள் வங்கி நடத்துகின்றன, நம்மூர்ப் பூதம் புதையல் காக்கிறது. வட்டி விகிதம்தான் தெரியவில்லை.

என் வருத்தம் வேறு. அயர்லாந்து இரும்பு தெரிந்த பிள்ளைக்கு அம்மாச்சியின் இரும்பாணி தெரியாது. அம்மாச்சியோ அதே மாடியில், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கரிசல் கதைகளைத் தொகுக்க கி.ராஜநாராயணன் கிடைத்தார். நம் மூன்று மாடிக் கதைகளை யார் எழுதப் போகிறார்கள்?

ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டைமாடியில் பாய் விரிக்கிறோம். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். அந்த நோட்டையும் அதே அலமாரியில், அந்த நாவல்களுக்குப் பக்கத்திலேயே வைப்போம். கதை சொல்ல வருபவர்கள் சனிக்கிழமைக்குள் காவலாளியிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். முனி கதை வைத்திருப்பவர்கள் மட்டும் இருட்டுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். படிக்கட்டு விளக்கு இன்னும் சரியாகவில்லை.