வர்ணம் கலையாமல் ஒடுக்கெடுத்தல்



பித்தளைக் குடமொன்று கைதவறிக் கிணற்றுக் கட்டில் மோதி ஒடுங்கிவிட்டால், அதனை நாம் வீசிவிடுவதில்லை. கன்னாரிடம் கொடுத்து ஒடுக்கெடுப்பித்துக் கொள்கின்றோம். அவர் உள்ளே தாங்கு கொடுத்து, வெளியே சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவை மீட்டுத் தருகின்றார். தட்டிய தடம் சிறிது தெரிந்தாலும், புளியிட்டு விளக்குங்கால் அது மங்கி மறைந்துவிடும். குடத்துக்கு வர்ணப்பூச்சு இல்லாமையால் வேலை இவ்வளவில் முடிந்துவிடுகின்றது.

மோட்டார்க் காரின் கதவு ஒடுங்கினால் நிலைமை வேறு. அதன்மேல் வர்ணம் இருக்கின்றது. அந்த வர்ணத்தில் கீறல் விழாமலும், புதுவர்ணம் ஒரு துளியேனும் பூசாமலும், ஒடுக்கினை மாத்திரம் நீக்கும் கைத்தொழில் ஒன்று கடந்த நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாயிற்று. இன்று உலகின் பல பாகங்களிலும் அது நடைபெறுகின்றது. ஒரு குறையைத் திருத்துவோர் எதனைக் காப்பாற்ற வேண்டும் என்னும் வினாவுக்கு இத்தொழில் தெளிவான விடையொன்றைத் தருகின்றது என்று கருதுவதால், அதனைப் பற்றி இன்று பேச எண்ணினேன்.

நாம் நன்கறிந்த வழமையான முறையை முதலில் நோக்குவோம். ஒடுங்கிய வண்டியைக் கராச்சில் விட்டால், ஒடுக்கைத் தட்டி ஓரளவு நிமிர்த்துவார்கள். பின்னர் அவ்விடத்து வர்ணத்தை வெறுந் தகரம் தெரியுமட்டும் தேய்த்து நீக்குவார்கள். எஞ்சிய பள்ளத்தைப் புட்டி எனப்படும் நிரப்புப் பசையால் நிரப்பி, அது இறுகியபின் அரத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, அதன்மேல் அடிப்பூச்சும் நிறப்பூச்சும் விசிறுவார்கள். நிறம் வேறுபட்டுத் தோன்றாதிருக்க, அந்தக் கதவு முழுவதற்குமே பூச வேண்டியும் வரும். ஒரு ரூபா நாணயத்தளவான ஒடுக்கினை நீக்குவதற்காக, எவ்வித குறையுமின்றி இருந்த பெரும் பரப்பொன்று தன் பழைய தோலை இழந்துவிடுகின்றது. பெருஞ்சேதம் நேர்ந்த வண்டிக்கு இம்முறையன்றி வேறு வழியில்லை. அதனை நான் குறை கூறவில்லை. சிறு நோய்க்கும் அதே பெருமருத்துவம் வேண்டுமா என்பதே கேள்வி.

அவ்வாறு இழக்கப்படும் வர்ணம் எத்தகையது? தொழிற்சாலையில் வண்டிக்குக் கண்ணாடியோ இறப்பரோ மின்கம்பியோ பொருத்தப்படுவதற்கு முன்னர், அதன் வெற்றுடலைப் பெருந்தொட்டியொன்றில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் துணையால் முதற்பூச்சினை மூலை முடுக்கெங்கும் படியச் செய்கின்றார்கள். துருவினின்று தகட்டைக் காப்பதில் இப்பூச்சுக்குப் பெரும் பங்குண்டு. இதன்மேல் இடைப்பூச்சும், நிறந்தரும் பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பளபளக்கும் தெளிபூச்சும் இடப்படுகின்றன. இத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு கனமே இருக்கும். முதற்பூச்சு ஏறக்குறைய 160 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும், மேற்பூச்சு 140 பாகை அளவிலும் சூளையில் வைத்துச் சுடப்படுகின்றன. வெளித்தகடுகளுக்கென ஆக்கப்படும் சிலவகை உருக்குகள் அச்சூளையின் வெப்பத்தாலேயே மேலும் வலிமை பெறுகின்றன என்பதும் அறியத்தக்கது.

வண்டி முழுமை பெற்றபின் மீண்டும் அந்தச் சூளைக்குட் செல்ல இயலாது. சென்றால் இறப்பரும் பிளாஸ்டிக்கும் மின்சார உறுப்புக்களும் பழுதாகிவிடும். ஆதலின், பின்னர்ப் பூசப்படும் வர்ணம் காற்றிலோ, ஏறக்குறைய 60 பாகை வெப்பமுள்ள அறையிலோ உலரும் வேறுவகை வர்ணமாகவே இருத்தல் வேண்டும். தேர்ந்த தொழிலாளி பூசினால் அதுவும் நன்றாக இருக்கும், நெடுங்காலம் உழைக்கும். எனினும் பிறந்த காலத்து வர்ணம் ஒருமுறை கிடைப்பது. தேய்த்து நீக்கிவிட்டால் அதுவே மீண்டும் கிடையாது. ஒடுக்கை நீக்கியும் அவ்வர்ணத்தைக் காத்தல் கூடுமாயின், அம்முயற்சி பொருளுடையதன்றோ?

அஃது எங்ஙனம் கூடும் என்பதை அறிய, தகட்டின் இயல்பை நோக்குதல் வேண்டும். உருக்குத் தகட்டை விரலால் மெல்ல அழுத்திப் பின் விட்டுவிட்டால், அது தன் நிலைக்கு மீளும். இதனை மீள்தன்மை என்கின்றோம். அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் தகடு மீளாது. புதிய வடிவிலேயே தங்கிவிடும். இதில் பலர் கவனியாத உண்மை ஒன்றுண்டு. ஆழமற்ற ஒடுக்கொன்றில், எல்லை கடந்து வளைந்திருப்பது சிறு பகுதி மாத்திரமே. சுற்றியுள்ள பெரும்பகுதி மீள்தன்மையை இழக்கவில்லை. அது தன் இடத்துக்குத் திரும்ப முயன்றும், நடுவிலுள்ள அச்சிறு பகுதி பிடித்து வைத்திருப்பதால் திரும்ப இயலாது கிடக்கின்றது. பள்ளத்தைச் சூழ மெல்லிய வரம்புபோன்று ஒரு மேடும் எழுந்திருக்கும். ஆகவே தொழிலாளி செய்யவேண்டியது புதிய வடிவொன்றை உண்டாக்குவதன்று. தடுத்து வைத்திருக்கும் இடங்களைக் கண்டு அவற்றை விடுவிப்பதே அவர் பணி. விடுவித்த அளவுக்குத் தகடு தானாகவே தன் பழைய இடத்தை நாடிச் செல்லும்.

இதனாலேயே இவ்வேலையில் ஆத்திரம் உதவாது. பள்ளத்தின் நடுவில் ஒரே உந்தாக உந்தினால், தகடு அவ்விடத்தில் இழுபட்டுப் பருப்போல் வெளியே புடைக்கும்; வர்ணமும் வெடிக்கக்கூடும். மேலும், வளைந்த உருக்கு வளைந்த இடத்தில் முன்னையிலும் கடினமாகிவிடும் இயல்புடையது. எனவே சிறு சிறு உந்துகளாக, பத்துப் பத்தாக, நூறு நூறாகச் செய்தல் வேண்டும். சூளையிற் சுட்ட நல்ல வர்ணத்துக்கு ஓரளவு வளைந்து கொடுக்கும் தன்மை உண்டு. மெதுவாகச் செய்யுங்கால் அது தகட்டுடனேயே சென்று தகட்டுடனேயே திரும்பும். குளிர்நாடுகளில் வர்ணம் விறைத்திருக்கும் வேளைகளில், இளஞ்சூடு காட்டியபின்பே வேலையைத் தொடங்குவர்.

இத்தொழிலின் கருவிகள் மிகச் சில. பல நீளங்களிலும் பல வளைவுகளிலும் அமைந்த உருக்குக் கம்பிகளே அவற்றுள் முதன்மையானவை. சிலவற்றின் முனை கூரியது. சிலவற்றின் முனை உருண்டையானது. கதவுக் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவோ, விளக்கைக் கழற்றிய துவாரத்தின் வழியாகவோ, கூரையின் உட்துணியைத் தாழ்த்தியோ கம்பியை உட்செலுத்தி, அதன் முனையை ஒடுக்கின் பின்புறத்துக்குக் கொண்டு செல்கின்றார்கள். கம்பியின் முனை கண்ணுக்குத் தெரியாது. அவ்வாறாயின் அது எங்கே நிற்கின்றது என்பதை எவ்வாறு அறிவது?

இங்கேதான் விளக்கு வேலை செய்கின்றது. ஒடுக்கின் எதிரே, நேர்கோடுகள் வரைந்த பலகையையோ, கோடுகோடாக ஒளிரும் விளக்கையோ நிறுத்துகின்றார்கள். பளபளக்கும் வர்ணம் கண்ணாடிபோல் நின்று அக்கோடுகளைப் பிரதிபலிக்கும். தகடு சமமாக உள்ள இடத்தில் கோடுகள் ஒழுங்காகச் செல்லும். பள்ளத்தில் அவை வளைந்து தோன்றும். மேட்டிலும் அவை ஒழுங்கு குலைந்து வளையும். உள்ளே கம்பியின் முனை தகட்டை மிக இலேசாகத் தொட்டவுடன், வெளியே பிரதிபிம்பத்தில் ஒரு சிறு அசைவு தோன்றும். அந்த அசைவைக் கண்டே தொழிலாளி தன் கை நிற்கும் இடத்தை அறிகின்றார். மயிரிழையளவும் பிசகாமல் முனையை நகர்த்தி, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவே உந்துகின்றார். எழுந்த மேடுகளை மழுங்கிய பிளாஸ்டிக் முனையொன்றை வைத்து மென்மையாகத் தட்டித் தாழ்த்துகின்றார். வளைந்த கோடுகள் யாவும் நேராகிவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள்.

பின்புறம் கம்பி செல்ல வழியில்லாத இடங்களும் உண்டு. அங்கே, சூட்டில் உருகும் பசையைத் தடவிய பிளாஸ்டிக் குமிழொன்றை ஒடுக்கின்மேல் ஒட்டி, பசை இறுகியபின் வெளிப்புறமாக இழுக்கின்றார்கள். பின்னர் ஒருவகை மதுசாரத்தைத் தெளித்தால், வர்ணத்துக்குத் தீங்கின்றிப் பசை விட்டுவிடும்.

இத்தொழிலுக்குப் பெருந்தேவையை உண்டாக்கியது ஆலங்கட்டி மழையாகும். நம் நாட்டிலே ஆலங்கட்டி விழுவது அரிது. விழுந்தாலும் சிறுவர்க்கு அது ஒரு வேடிக்கை. பிறநாடுகள் சிலவற்றில் அது பேரிடர். 1984ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் திகதி ஜேர்மனியின் மியூனிச் நகரிற் பெய்த ஆலங்கட்டி மழையினால் இலட்சக்கணக்கில் வாகனங்கள் சேதமுற்றன. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஏறத்தாழ 20,000 கட்டடங்களும் 40,000 வாகனங்களும் சேதமுற்றன. விமான நிலையத்தில் நின்ற விமானங்களும் தப்பவில்லை. மிகப் பெரிய கட்டிகள் கண்ணாடியை உடைத்து வர்ணத்தையும் பிளந்துவிடுகின்றன. சிறு கட்டிகளோ வர்ணத்தைக் கெடுக்காமல், கூரையிலும் முன்மூடியிலும் எண்ணற்ற சிறு குழிகளை மாத்திரம் விட்டுச் செல்கின்றன. அத்தகைய வண்டியொன்றை முழுவதும் தேய்த்து மீளப் பூசுவதிலும், குழிகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்து எழுப்புவது செலவிலும் நயமானது; வண்டிக்கும் நல்லது. இதனால் ஆலங்கட்டிக் காலத்தைத் தொடர்ந்து ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்று உழைக்கும் தொழிலாளர் கூட்டமொன்றே தோன்றிவிட்டது.

இம்முறையால் எல்லா ஒடுக்குகளையும் நீக்கலாம் என்று எண்ணுதல் தவறு. வர்ணம் ஏற்கனவே வெடித்திருந்தால் இம்முறைக்கு அங்கே பயனில்லை. கூரிய பொருள் குத்தித் தகடு மிக இழுபட்டிருந்தாலும், கதவின் விளிம்பு மடிந்திருந்தாலும், பின்னால் இரட்டைத் தகடு இருந்தாலும் வேலை கடினமாகும், சிலவேளை இயலாததாகும். அலுமினியத் தகடு உருக்கைப்போல் எளிதில் இணங்காது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முன்னொருகால் புட்டி நிரப்பிய இடத்தை உந்தினால் புட்டி உதிர்ந்துவிடும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. அது வெந்நீரின் வெம்மையில் இளகிச் சிலவேளை தன் வடிவை மீளப் பெறும். அதனைக் கண்டு உருக்குக் கதவிலும் வெந்நீரை ஊற்றிப் பயன் காணலாமென எண்ணுதல் வீண். இவற்றையெல்லாம் ஆராய்ந்து, “இஃது இம்முறையால் ஆகாது” என்று வாடிக்கையாளரிடம் கூறத் தெரிந்தவரே இத்தொழிலில் தேர்ந்தவராவர்.

இச்செய்தி நமக்கும் அயலானதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அவ்வைந்து ஆண்டுகளிலும் இருந்த வாகனங்களைப் பேணியே காலங்கழித்தோம். பழைய வண்டியை வாங்குவோர் பலர், தம் வாழ்நாட் சேமிப்பை அதில் இடுகின்றார்கள். மேலே மின்னும் புதுவர்ணத்தின் கீழ் என்ன மறைந்திருக்கின்றது என்பதே அவர்களுடைய கவலை. வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவியொன்று உண்டு. பிறந்த வர்ணமாயின், அது மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கையோ அதனிலும் சற்றுக் கூடுதலாகவோ காட்டும். புட்டி நிரப்பிய இடத்தில் எண் பன்மடங்காக உயர்ந்து நிற்கும். வர்ணம் கலையாமல் ஒடுக்கெடுத்த வண்டியிலோ, தகடு தன் இடத்திலும் வர்ணம் தன் தகட்டிலும் இருக்கும். அங்கே வாங்குவோரிடமிருந்து மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் இத்தொழிலிலும் குறுக்குவழி தேடுவோர் இல்லாமலில்லை. கம்பி செல்ல வழியில்லாதபோது, கண்ணுக்குப் படாத ஓரிடத்திற் துளையிட்டு வழியமைக்கின்றவர்கள் உள்ளனர். அத்துளையின் ஓரத்தில் தகரம் வெறுமையாகின்றது. கடலோரத்து உப்புக்காற்றுக்கு அவ்வளவே போதும். சில ஆண்டுகளில் துரு அங்கிருந்து படரத் தொடங்கும். வெளியே ஒரு குழியை நீக்கி, உள்ளே ஒரு புண்ணை உண்டாக்கிய கதையாகிவிடும். ஆதலின் நேயர்கள் தம் வண்டியைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. எவ்வழியாகக் கம்பியைச் செலுத்துவீர்கள்? துளையிடுவீர்களா? ஒடுக்கு முழுவதும் நீங்குமா, அன்றி ஓரளவே நீங்குமா? இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறுபவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாடசாலையை விட்டுக் கராச்சுக்குச் செல்லும் பிள்ளையைப் படிப்பு ஏறாதவன் என்று இகழும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. நான் கூறிய தொழிலைக் கற்பவன், பயன்படாத முன்மூடிகளிற் குழிகளை உண்டாக்கி, அவற்றை மீண்டும் எழுப்பி, மாதக்கணக்கிற் பயில்கின்றான். ஒளியின் தெறிப்பையும் உலோகத்தின் மீள்தன்மையையும் அவன் கையாலும் கண்ணாலும் கற்கின்றான். வகுப்பறையிற் கரும்பலகையில் நாம் எழுதுவதும் அவற்றையே. அவன் படிப்பும் படிப்பே என்பதை அவனுக்கு உணர்த்துவது நம் கடன். அத்தோடு, குறை நீங்கியதா என்று பார்ப்பதற்குமுன், குறையில்லாதிருந்த பகுதி அப்படியே இருக்கின்றதா என்று பார்க்கும் பழக்கத்தையும் அவன் பெறுவானாயின், அவனிடம் வண்டியை மாத்திரமன்றி வேறு பலவற்றையும் நம்பி ஒப்படைக்கலாம்.