கீழே போனது எங்கே?

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் 1974-ஆம் ஆண்டு வேதியியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் செயலாளர் என்னைப் பேச அழைத்ததற்குக் காரணம் ஒரு போட்டோ. அரைக்கால் சட்டையும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையுமாக, கையில் துடுப்போடு, தண்ணீரில் ஒரு பலகை மேல் நான் நிற்கும் படம். அதை நம் குழுவில் போட்டபோது வந்த முதல் பதில், "இந்த வயசுல இது தேவையாடா?" என்பது. எழுதியவர் இங்கேதான் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை. தேவையா இல்லையா என்பதை நான் பேசி முடித்தபின் அவரே சொல்லட்டும்.

2023 ஜூன் மாதம் அமெரிக்காவில் பிளோரிடா மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஊர் பெயர் மெல்போர்ன். ஆஸ்திரேலியா இல்லை; இது அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கும் மெல்போர்ன். அந்தக் கரை நெடுகிலும், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே, சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் உப்புநீர்க் காயல் கிடக்கிறது. பெயர் இண்டியன் ரிவர் லகூன். ரிவர் என்று பெயர் இருந்தாலும் ஆறு கிடையாது. பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். ராக்கெட் விடும் கேப் கனாவரல் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது.

கோடை விடுமுறை என்பதால், "தாத்தா, பேடில் போர்டு போகலாம் வா" என்று பேத்தி ஒற்றைக் காலில் நின்றாள். நான் இரண்டு காலில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. காலை ஏழு மணிக்கெல்லாம் கோக்கோ பீச் என்ற ஊருக்குப் போய்விட்டோம். அங்கே கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் தவறாமல் வரும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் காலையிலேயே இறங்கி ஏறிவிடுகிறார்கள். காயலுக்குள் கண்டல் மரங்கள் அடர்ந்த சின்னச் சின்னத் தீவுகள், நடுவே வாய்க்கால் போல வளைந்து போகும் தண்ணீர். நம் பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் புதிதாக இருக்காது.

சொல்லிக் கொடுக்க வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். முதலில் முட்டி போட்டுத் துடுப்புப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழ வேண்டும். பலகையின் நடுவில், தோள் அகலத்துக்குக் காலை வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, தூரத்தைப் பார்க்க வேண்டும். காலைப் பார்த்தால் விழுந்துவிடுவோம். நான் காலைப் பார்த்தேன். விழுந்தேன். வெதுவெதுவென்று மார்கழிப் பொங்கல் தண்ணீர் மாதிரி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை நின்றுவிட்டேன். நாகப்பட்டினத்தில் சின்னப் பையன்கள் கட்டுமரத்தில் இதைவிடச் சுலபமாக நிற்பதைப் பார்த்தவன் நான். 'கேட்டமரன்' என்று நீங்கள் சொல்வது எங்கள் ஊர்ச் சொல்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, போன மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன்.

பலகை மேல் நிற்பதில் ஒரு லாபம் உண்டு. மோட்டார் சத்தம் கிடையாது. ஆள் உயரத்திலிருந்து பார்ப்பதால் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று நேராகத் தெரியும். பழுப்புநிறக் கூழைக்கடாக்கள் தலைக்கு மேலே மடாரென்று தலைகீழாக விழுந்து மீன் பிடிக்கின்றன. விராலடிப்பான் கழுகு மரக்கம்பத்து உச்சியில் கூடு கட்டியிருந்தது. தூரத்தில் இரண்டு ஓங்கில்கள் முதுகைக் காட்டிப் போயின.

அப்போது தண்ணீரின் மேல், எண்ணெய் சிந்தியது போல வழவழவென்று வட்டம் வட்டமாகச் சில தடங்கள் தெரிந்தன. "அதுதான் மானட்டியின் காலடி" என்றாள் அந்தப் பெண். மானட்டி என்பது அந்த ஊர்க் கடல் பசு. நம் பாக் விரிகுடாவில் மீனவர்கள் ஆவுளியா என்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஆவுளியாவின் வால் ஓங்கிலின் வால் போலப் பிளந்திருக்கும். மானட்டியின் வால் தட்டையாகத் தோசைக் கரண்டி மாதிரி இருக்கும். அந்த வாலை அடித்து நீந்தும்போது மேலே எழும் வட்டம்தான் அந்தத் தடம். சுமார் பத்தடி நீளம், 450 கிலோ எடை, சுத்த சைவம். இரண்டுக்குமே நிலத்தில் நெருங்கிய சொந்தம் யானை.

போட்டோ எடுக்க வேண்டும் என்ற ஆசையில் நான் துடுப்பை வேகமாகப் போட்டுத் தடத்தைத் துரத்தினேன். தாயும் குட்டியுமாக இரண்டு. சேற்றைக் கிளப்பிக்கொண்டு மறைந்துவிட்டன. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, கோபப்படாமல் ஆனால் கண்டிப்பாகச் சொன்னாள். துரத்தக் கூடாது, தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது. இங்கே அது சட்டப்படி குற்றம். பார்க்க வேண்டுமென்றால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்காருங்கள், வருவதும் வராததும் அதன் இஷ்டம் என்றாள். பேத்தி முன்னால் திட்டு வாங்கினேன். தப்பு என்னுடையதுதான்.

உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் பலகைக்கு ஒரு முழம் தள்ளி, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. சாம்பல் நிற மூக்கு, மீசை முடி, அதன் பின்னே மெதுவாக எழும்பிய முதுகு. அந்த முதுகில் சீப்பால் கீறியது போல வரிசையாக ஏழெட்டுத் தழும்புகள். மோட்டார் படகின் விசிறி வெட்டிய தழும்புகள் என்று அந்தப் பெண் சொன்னாள். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

நண்பர்களே, இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சுற்றுலாக் கதை. கரைக்குத் திரும்பும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "அடியில் வெறும் மணலாக இருக்கிறதே, இது எதைத் தின்கிறது?" அவள் சொன்ன பதில்தான் என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறது.

ஒரு மானட்டி தினமும் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை கடற்புல் தின்னும். அந்தக் காயலின் அடி முழுவதும் ஒரு காலத்தில் புல்வெளி. 2011-இல் பாசி பெருகித் தண்ணீர் பச்சையானது. அடுத்த ஆண்டு பழுப்பானது. வெளிச்சம் அடிக்குப் போகவில்லை. வெளிச்சம் இல்லாமல் புல் செத்தது. செத்த புல் அழுகி இன்னும் பாசிக்குத் தீனியானது. கடலோடு சேரும் முகத்துவாரங்கள் சில மட்டுமே என்பதால் உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. சில ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட புல் போய்விட்டது. மானட்டிக்குக் குளிர் ஆகாது. குளிர்காலத்தில் மின்நிலையங்கள் வெந்நீர் விடும் இடத்தில் கூட்டமாக ஒதுங்கும். அங்கே சுற்றுவட்டாரத்தில் புல் இல்லை. 2021 என்ற ஒரே ஆண்டில் பிளோரிடாவில் 1,100 மானட்டிகள் இறந்தன. அவற்றில் பல, பசியால் இறந்தவை. காட்டு விலங்குக்குத் தீனி போடக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் அரசாங்கமே, அடுத்த குளிர்காலத்தில் சுமார் 90 டன் லெட்யூஸ் கீரையை மின்நிலையத்தின் அருகே தண்ணீரில் போட வேண்டி வந்தது.

"பாசி எதனால் வந்தது?" என்று கேட்டேன். செப்டிக் டேங்க் கசிவு, சாக்கடை, அடியில் படிந்த சேறு எல்லாம் உண்டு. "அப்புறம், வீட்டு வாசல் புல்தரைக்குப் போடுகிற உரம். மணல் பூமி, ஒரு மழையில் எல்லாம் இங்கே வந்துவிடும்" என்றாள். பிறகு, "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மரியாதைக்குக் கேட்டாள்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். 1976-இலிருந்து 2011 வரை உரம் விற்றேன்.

மகள் வீட்டுக்கு வந்ததும் நேராக கராஜுக்குப் போனேன். மூலையில் ஒரு உர மூட்டை இருந்தது. மூட்டையின் மேல் மூன்று எண்கள்: தழை, மணி, சாம்பல். நடுவில் சைபர். முதல் எண் பெரிது. அந்த மாவட்டத்தில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, மழைக்காலத்தில், தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரத்தைப் புல்தரைக்குப் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. "புல் மஞ்சளாச்சுன்னா காலனியிலேர்ந்து நோட்டீஸ் வரும் மாமா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நம் லேபில் வடிகட்டல் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? வடிதாளில் தங்கியதை எடை போட்டு எழுதிவிட்டு, அடியில் இறங்கிய நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளம்புவோம். நம் பேராசிரியர், இன்று நம்மிடையே இல்லை, வாசலில் நின்று கேட்பார்: "மேலே தங்கினதை எழுதிட்டே, சரி. கீழே போனது எங்கேப்பா?" நாம் சிரிப்போம். அந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருஷம் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

என் வேலை பெரும்பாலும் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போட்டதில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேராது. மீதி கொஞ்சம் காற்றில், கொஞ்சம் மண்ணுக்குள், கொஞ்சம் வடிகாலில். 100 கிலோ யூரியாவுக்கு 20 கிலோ வேப்பம்புண்ணாக்கைக் கலந்து, பிரித்துப் பிரித்துப் போட்டால் வீணாவது குறையும். இதைச் சொல்லும் துண்டுப் பிரசுரம் என் பையிலேயே இருந்தது. ஆனால் மார்ச் மாதம் டார்கெட் முடிக்க வேண்டும். ஒரு பெரியவர், "தம்பி, ஏக்கருக்கு ரெண்டு மூட்டை போதுமா?" என்று கேட்டார். போதும் என்று எனக்குத் தெரியும். "பயிர் கருகருன்னு வரணும்னா இன்னொண்ணு போடுங்க ஐயா" என்றேன். பயிர் கருகருவென்றுதான் வந்தது. பிறகு புகையான் விழுந்தது. அதற்கும் மருந்து சொன்னேன். அந்த ஒரு மூட்டை கணக்கு இன்றும் எனக்கு நிற்கிறது.

உரமே விஷம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் சிறு வயதில் ரேஷன் கடை வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. உரம் இல்லாமல் அந்த வரிசை குறைந்திருக்காது. அளவுக்கு மேல் போட்ட அந்த மூன்றாவது மூட்டையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்து வடிகால்கள் சேருமிடம் பாக் விரிகுடா. அதன் அடியில் நம் நாட்டின் வளமான கடற்புல் வெளிகள் இருக்கின்றன. அங்கேதான் ஆவுளியா மேய்கிறது. நம் நாட்டில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கிறார்கள். சொந்த வலையை அறுக்கிறவர் மீனவர். மேட்டில் இருக்கும் நாம் என்ன செய்கிறோம்?

மனம் தளர வேண்டியதில்லை. நம் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக்கு டி.டி.டி. தூவிப் படுத்தோமே, அதே டி.டி.டி.யால் அமெரிக்காவில் கூழைக்கடாவின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. 1972-இல் அங்கே தடை செய்தார்கள். 2009-இல் அந்தப் பறவையை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அன்று என் தலைக்கு மேல் விழுந்து மீன் பிடித்தது அதுதான். அந்தக் காயலைச் சரி செய்வதற்காக 2016-இல் அந்த மாவட்ட மக்கள் தங்களுக்குத் தாங்களே அரை சதவீத விற்பனை வரியை ஓட்டுப் போட்டு விதித்துக்கொண்டார்கள். இங்கேயும் 2015-இலிருந்து யூரியாவை வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நான் பையில் மறைத்த விஷயம், மூட்டையிலேயே வந்துவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நிலம் வைத்திருப்பவர்கள் மண் பரிசோதனை செய்யாமல் உரம் வாங்காதீர்கள். மழை வரும் முதல் நாள் மேலுரம் போடாதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், கராஜில் இருக்கும் மூட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் சுற்றுலாவை ஒருமுறை மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் வையுங்கள். போனால் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்ப்போம். ஆவுளியா நம் கண்ணில் படாமலே போகலாம். அது அங்கே இருந்தால் போதும்.

ஊருக்குக் கிளம்பும் அன்று மாப்பிள்ளை அந்த மூட்டையைக் காரில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். புல் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறதாம். பேத்தி போனில் சொன்னாள்.

பசி வேளையில் பொறுமையாகக் கேட்டீர்கள். நம் மெஸ் சாம்பார் காத்திருக்கிறது.