தூணி வில்லிலா, கிளையிலா?

அமெரிக்காவில் வில் வேட்டைக்குப் போகிறவர்களின் வில்லில், கைப்பிடிக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே குல்லாய் மாதிரி ஒரு மூடி, கீழே ரப்பர் கவ்விகள், இரண்டுக்கும் நடுவே நாலைந்து அம்புகள். வில்லிலேயே பொருத்தும் தூணி இதுதான். வேட்டை நேரத்தில் இதை வில்லோடு விட்டுவைப்பதா, கழற்றி ஓரமாக மாட்டுவதா என்பது அங்கே தீராத வழக்கு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் இந்த வழக்கில் எடை, சமநிலை, ஒலி எல்லாம் வந்து சேர்வதால், வில்லைத் தொட்டே பார்க்காத நேயர்களுக்கும் இது சுவையான கணக்குதான்.

தமிழில் தூணிக்கு அம்பறாத்தூணி என்றும் பெயர் உண்டு. அம்பு அற்றுப்போகாத தூணி என்று பொருள். அமெரிக்க வேட்டைக்காரரின் தூணிக்கு அந்தப் பெருமை கிடையாது. அதில் இருப்பது நாலைந்து அம்பு. பல நாட்களில் அதில் ஒன்றைக்கூட எய்யாமலே வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

தூணியை எங்கே வைப்பது என்பது பழைய சிக்கல். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரான ஓட்ஸியிடம் தோல் தூணி ஒன்று இருந்தது. அதில் 14 அம்புகள். செய்து முடிக்கப்பட்டிருந்தவை இரண்டே. வில்லும் பாதி செதுக்கிய நிலையில்தான் இருந்தது. கலிபோர்னியாவில் 1911இல் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷியின் தூணி நீர்நாய்த் தோலால் ஆனது. அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப்தான் அமெரிக்காவில் வில் வேட்டைக்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர். 1938இல் வந்த ராபின் ஹுட் படத்தில் முதுகுத் தூணி அழகாகத்தான் இருக்கிறது. புதருக்குள் குனிந்து நுழைகிறவருக்கு அது உதவாது. அம்பின் இறகுகள் கிளையில் சிக்கும், அம்புகள் ஒன்றோடொன்று உரசும். அம்புகளை வில்லிலேயே பொருத்திவிடும் வழக்கம் கடந்த நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதைப் பரப்பியவர்களில் மிச்சிகனைச் சேர்ந்த ஃபிரெட் பேர் முக்கியமானவர்.

முதலில் எடை. இன்றைய வேட்டை அம்பு ஒன்று 30 கிராம் அளவில் இருக்கும். ஐந்து அம்பும் கூடும் சேர்ந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ. வில் தானே இரண்டு கிலோ என்பதால் அரைக் கிலோ பெரிதில்லை. அது ஒரே பக்கமாகத் தொங்குவதுதான் தொல்லை. வலக்கை வில்லாளியின் வில்லில் தூணி பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் வில் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பது போன்ற ஒரு குமிழ், குறிபார்க்கும் கருவியிலேயே பொருத்தப்பட்டிருப்பது இந்தச் சாய்வைக் காட்டிக்கொடுக்கத்தான். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பை இரண்டு பாகை சாய்வோடு எய்தால், 20 கஜத்தில் விலகல் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 40 கஜத்தில் அது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டும். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு. சிலர் எதிர்ப்பக்கம் ஒரு சிறிய எடைத்தண்டைப் பொருத்திச் சரிக்கட்டுகிறார்கள். பலத்த பக்கக் காற்று அடிக்கும்போது, வரிசையாக நிற்கும் இறகுகள் பாய்போல் காற்றை வாங்கிக் கையைத் தள்ளுவதும் உண்டு.

அடுத்தது ஒலி. இந்த விவாதத்தின் உயிர்நாடி இதுதான். வெள்ளைவால் மானுக்குக் காது கூர்மை. நாண் விடுபடும் ஓசை கேட்டதும் துள்ளி ஓடுவதற்காக அது முதலில் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். நேயர்கள் இந்தப் பந்தயத்தைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மான் 20 கஜத்தில், அதாவது 18 மீட்டர் தொலைவில் நிற்கிறது. ஒலிக்கு நொடிக்கு 340 மீட்டர் வேகம். நொடியில் இருபதில் ஒரு பங்கில் மானின் காதை எட்டிவிடும். அம்பு போய்ச் சேர நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். இடையில் மானுக்குக் கிடைப்பது 0.16 நொடி. 30 கஜத்தில் நின்றால் 0.24 நொடி. அந்த இடைவெளியில்தான் வேட்டையின் முடிவு இருக்கிறது. எந்த வில்லும் சத்தமே இல்லாமல் எய்யாது. ஆனால் நாணின் மந்தமான ‘தொப்’ என்ற ஓசை வேறு, தளர்ந்த கவ்வியில் அம்புகள் அதிர்ந்து எழுப்பும் ‘கிலுகிலு’ வேறு. தூணியைக் கழற்றினால் அந்தக் கிலுகிலுப்பு அடியோடு போகும். கழற்ற மனமில்லாதவர்கள் இரண்டு பிடிகள் உள்ள தூணியை வாங்கி, திருகுகளை இறுக்கி, மூடிக்குள் நுரைப்பஞ்சு தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறார்கள்.

சத்தம் எய்யும்போது மட்டும் வருவதில்லை. நவம்பர் விடியல், மரத்தில் 15 அடி உயரத்துப் பரண், விரல்கள் குளிரில் விறைத்திருக்கின்றன. கவ்வியிலிருந்து அம்பை வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் ‘டப்’ என்று சொல்லிவிடும். பழகியவர் இழுப்பதில்லை. கட்டைவிரலை அம்பின் தண்டில் வைத்துப் பக்கவாட்டில் மெல்ல உருட்டி வெளியே கொண்டுவந்து, பிறகுதான் முனையை மூடியிலிருந்து விடுவிப்பார். அதுவும் மான் வருவதற்கு வெகு முன்பே.

இனி இடம். பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் வெள்ளைவால் மானுக்காகப் பரணில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர் அசைய வேண்டியதே இல்லை. தூணியைக் கழற்றிக் கைக்கெட்டும் கிளையில் மாட்டுவதே அவருக்கு நல்லது. வில் இலேசாகும், இறகுகளின் பளிச் நிறமும் வில்லோடு சேர்ந்து ஆடாது. துணிக்கூடாரத்துக்குள் மறைந்திருப்பவருக்கும் இதே கதைதான். குறுகலான ஜன்னலில் தூணி இடிக்கும். கொலராடோவில் செப்டம்பரில் எல்க் மானைத் தேடி மலைச்சரிவில் நடப்பவர் நிலைமை வேறு. கழற்றிய தூணியை அவர் எங்கே மாட்டுவார்? ஒரு புதரடியில் வைத்துவிட்டு இருநூறு அடி நகர்ந்தால் மிச்ச அம்புகள் அங்கே, அவர் இங்கே. அவருக்குத் தூணி வில்லோடு இருப்பதே சரி.

பாதுகாப்பு பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. வேட்டை முனைகள் சவர பிளேடு போலக் கூரானவை. தூணியின் மூடி அவற்றை முழுக்க மறைக்க வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பரணில் ஏறக் கூடாது. உடலில் பாதுகாப்புப் பட்டையை மாட்டித் தரையிலிருந்தே மரத்தோடு இணைத்துக்கொண்டு ஏறி, மேலே போனதும், கீழே கயிற்றில் கட்டிவைத்த அம்பு பூட்டாத வில்லை இழுத்துக்கொள்வதுதான் வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் முறை.

எப்படி வேட்டையாடப் போகிறாரோ அப்படியே பயிற்சியும் இருக்க வேண்டும். கோடை முழுக்க வெறும் வில்லோடு பழகிவிட்டு, முதல் நாள் தூணியோடு காட்டுக்குள் போகிறவர்தான் பெரும்பாலும் ஏமாறுகிறவர். சோதனை எளிது: 20, 30, 40 கஜத்தில் தூணியோடு சில அம்புகள், இல்லாமல் சில அம்புகள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் கவலையில்லை. விலகினால் ஒரு முறையை முடிவு செய்து, அதற்கேற்பக் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பரணில் தூணியைக் கழற்றியவர் எய்து முடித்ததும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. அம்பு பட்ட மான் பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து, இறங்கி, இலைச் சருகில் இரத்தத் துளிகளைத் தேடிப் போக வேண்டும். வழியில் அது உயிரோடு படுத்திருந்தால் இரண்டாம் அம்பு உடனே வேண்டும். அதனால் வில்லைக் கீழே இறக்கும் முன்பே கிளையில் மாட்டிய தூணி மறுபடி வில்லுக்கு வந்துவிட வேண்டும்.