கூரையிலும் எங்களுக்குப் பங்கு

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நான் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. 2007இல் உயர்தரப் பரீட்சை எழுதினதோடு என் படிப்பு நின்றுவிட்டது. இஞ்சை லண்டனில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். "நீ பட்ட பாட்டைச் சொல்லு, அதுவே காணும்" என்று செயலாளர் அண்ணை சொன்னபடியால்தான் இதில் வந்து நிற்கிறேன்.

ஊரில் எங்கட கிணறு பங்குக் கிணறு. ஐந்து குடும்பத்துக்கு உறுதியில் பங்கு எழுதிக் கிடந்தது. கோடையில் தண்ணி வற்றுகிற நேரம் இறைத்துச் சேறு அள்ள வேணும். கொழும்பில் இருந்த பெரியப்பா அந்தக் கிணற்றில் ஒரு வாளி தண்ணி அள்ளினதில்லை. ஆனால் சேறு அள்ளுகிற கூலியில் அவருடைய பங்கு வருஷா வருஷம் தவறாமல் வந்து சேரும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், இஞ்சை வந்து என்ன செய்தேன் என்பதுதான் கதை.

2019இல் நானும் மனைவியும் மோட்கேஜ் எடுத்து ஒரு பிளாற் வாங்கினோம். 1960களில் கட்டின மூன்று தட்டுக் கட்டடம், மொத்தம் ஆறு பிளாற். எங்களுடையது கீழ்த்தட்டு. ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்த ஒரு கொம்பனிதான் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். சொலிசிற்றர் இதை விளங்கப்படுத்தினவர்தான். எனக்கு விளங்கினது வெளி ஆளுக்குக் காசு கட்டத் தேவையில்லை என்ற ஒன்று மட்டும்.

அந்த வருஷக் கடைசியில் கூட்டம் வைத்தார்கள். கணக்குப் பார்க்கிற ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர், "தட்டைக் கூரைக்குப் போட்ட ஃபெல்ற் வெடித்துப் போச்சு. புதிதாகப் போட 18,000 பவுண் வரும், ஆளுக்கு 3,000. இன்சூரன்ஸ் தொகையும் பழைய காலத்துத் தொகை, சேர்வேயரைக் கூப்பிட்டு மதிக்க வேணும்" என்றார். மூன்று பேர் ஓம் என்றார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேசினதில் பாதி எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் வெட்கம். கூரை மேல்வீட்டுக்காரியின் பிரச்சினை, எனக்கும் வானத்துக்கும் இடையில் இரண்டு வீடு இருக்கே என்று நினைத்து, இல்லை என்று கையை உயர்த்தினேன். மூன்றுக்கு மூன்று. விஷயம் அப்படியே கிடந்துவிட்டது.

2022 மாசி 18இல் யூனிஸ் புயல் வந்தது உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். கிறினிச்சில் ஓ-ரூ அரங்கின் கூரையே கிழிந்த நாள். எங்கட கூரையின் ஃபெல்ற் ஒரு பக்கம் முழுக்கப் பிய்ந்து போனது. அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்தது. மேல்தட்டில் பிலிப்பைன்சைச் சேர்ந்த தாதி ஒருவர் சிறு மகனோடு இருக்கிறார். ஊறின சீலிங் இரவோடு இரவாக இடிந்து அந்தப் பிள்ளையின் கட்டிலில் விழுந்தது. பிள்ளை அன்றைக்குத் தாயோடு மற்ற அறையில் படுத்திருந்தது. நான் வேலை முடிந்து விடிய வரும்போது தாயும் பிள்ளையும் படிக்கட்டில் போர்வையோடு இருந்தார்கள். தண்ணி சுவர் வழியே இறங்கி எங்கட குசினி மட்டும் வந்திருந்தது. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு இன்சூரன்ஸ்காரர் அனுப்பின மதிப்பீட்டாளர் வந்தார். கூரைக்குக் காசு இல்லை என்றார். ஏனென்றால் அது புயலுக்கு முன்னமே பழுதாய்ப் போன கூரை. இன்சூரன்ஸ் என்பது திடீரென்று நடக்கிற சேதத்துக்கு. நாங்கள் திருத்தாமல் விட்டதைத் திருத்தித் தருவதற்கு இல்லை. வீடுகளுக்கு உள்ளே வந்த சேதத்தை 16,000 பவுண் என்று ஏற்றார்கள். ஆனால் கையில் வந்தது 12,000.

இந்தக் கணக்கை எல்லாரும் கவனமாகக் கேளுங்கோ. கட்டடத்தை அடியோடு இடித்துத் திரும்பக் கட்ட 12 லட்சம் பவுண் பிடிக்கும். நாங்கள் இன்சூர் பண்ணியிருந்தது 9 லட்சத்துக்கு, அதாவது முக்கால் பங்குக்கு. அதனால் சேதத்திலும் முக்கால்தான் தருவார்கள். முழுக்கட்டடமும் விழ வேண்டியதில்லை, ஒரு சீலிங் விழுந்தாலும் அதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் இதை 'அவரேஜ்' என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் சராசரி மார்க்ஸ் என்றுதான் படித்திருந்தேன்! இன்னொன்று, பார்க்க வேண்டியது பிளாற் விற்கிற விலையை இல்லை. இடிக்கிற கூலி, குப்பை அகற்றுகிற காசு, ஆக்கிரெக்ற், சேர்வேயர் காசு எல்லாம் சேர்ந்த திரும்பக் கட்டுகிற செலவை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அதற்குள் கூரை வேலை 30,000 ஆகிவிட்டது. குறைந்த 4,000மும் சேர்த்து ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 5,666. மனைவியின் சங்கிலியும் இரண்டு காப்பும் அடைவுக்குப் போனது. தாயும் பிள்ளையும் ஏழு கிழமை தெரிந்தவர் வீட்டில் இருந்தார்கள்.

இப்ப அந்தக் கொம்பனிக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பெரியவருக்கு வயது போய்விட்டது, வேறு ஒருவரும் முன்வரவில்லை, எனக்கும் மறுக்க முகம் இல்லை. வீட்டுக்கு மாதம் 60 பவுண் ஒதுக்கி வைக்கிறோம். ஊர்ச் சீட்டு மாதிரித்தான், ஒருவரும் கழித்து எடுக்கேலாது என்பது மட்டும் வித்தியாசம். மூன்று வருஷத்துக்கு ஒருக்கால் சேர்வேயரைக் கொண்டு மதிக்க முடிவெடுத்திருக்கிறோம். இலையுதிர்காலம் முடிய நானே ஏணி வைத்துப் பீலி துப்புரவாக்குகிறேன். பீலி அடைத்தால் தண்ணி சுவருக்குள் போகும்.

உங்களில் பலருடைய கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறை ஆளாக இருக்கும். அவரே இன்சூர் பண்ணி, பில்லை உங்களுக்கு அனுப்புவார். அந்தப் பொலிசியைக் கேட்டு வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு. திருத்த வேலையில் ஒரு வீட்டுக்கு 250 பவுணுக்கு மேல் விழும் என்றால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முதலில் எழுத்தில் அறிவித்து 30 நாள் தர வேணும். பிறகு விலைகளைக் காட்டி இன்னொரு 30 நாள். அந்தக் கடிதம் தடித்த ஆங்கிலத்தில் வரும். விளங்கவில்லை என்று குப்பைக்குள் போடாதேங்கோ. தனியார் சொந்தக்காரர் என்றால், பாதி வீட்டுக்காரராவது ஒன்றுசேர்ந்து 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிர்வாகத்தைத் தாங்களே எடுக்க வழி இருக்கு. அவர் பிழை விட்டவர் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் எடுத்தால் பிறகு பீலியும் உங்கட தலையில்தான், அதையும் யோசியுங்கோ.

கட்டட இன்சூரன்ஸ் உங்கட கம்பளத்தையும் ரீவியையும் பார்க்காது. அதற்கு உள்ளுடைமை இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேணும். தாலிக்கொடி, நகை வீட்டில் வைத்திருப்பவர்கள் தனித்தனியாகச் சொல்லி எழுதுவியுங்கோ. நகைக்கு ஒரு எல்லை போட்டுத்தான் தருவார்கள். அறையை வாடகைக்கு விட்டால் அதையும் மறைக்காமல் அறிவியுங்கோ. "ஆருக்குத் தெரியப் போகுது" என்று ஒரு அக்கா கேட்டா. மதிப்பீட்டாளர் கட்டில்களை எண்ணுவார் அக்கா.

கடைசியாக ஒன்று, கோபிக்கக்கூடாது. வாசலுக்கு வெளியே பொதுப் படிக்கட்டில் செருப்பு றாக், பிள்ளை வண்டில், அரிசி மூட்டை வைக்கிறது எங்கட பழக்கம். நெருப்புப் பிடித்தால் அந்தப் படியால்தான் எல்லாரும் இறங்கி ஓட வேணும். 2017 ஆனி 14இல் கிறென்ஃபெல் கட்டடத்தில் 72 உயிர் போனதற்கு முதற்காரணம் வெளிச்சுவரில் பொருத்தின தகடு. அதை நாங்கள் கழற்றேலாது. செருப்பு றாக்கைக் கழற்றலாம். எங்கட வீட்டு றாக்கைப் போன மாதம்தான் உள்ளே எடுத்தேன், அதுவும் தாதியின் மகன் அதில் தடக்கி விழுந்த பிறகு.

எனக்குப் பத்து மணிக்கு வேலை தொடங்குது. ஒன்பது மட்டும் தேத்தண்ணி மேசையடியில் இருப்பேன். லீஸ் பத்திரம், பொலிசி, விளங்காத கடிதம் ஏதும் கொண்டுவந்தவர்கள் வாங்கோ, இருந்து வாசிப்போம். கண்ணாடி போடுகிற ஆட்கள் கண்ணாடியையும் கொண்டு வாங்கோ. எழுத்து சரியான சின்னன்.