மொரிஸ் மைனரும் வகன் ஆரும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று பாடசாலை வாசலில் வகன் ஆர்களுக்கு நடுவே பழைய மொரிஸ் மைனர் ஒன்றும் நிற்கிறது. "அந்தக் காலத்துக் கார் இரும்பு, இந்தக் காலத்துக் கார் தகரம்" என்று சிலர் சொன்னது காதில் விழுந்தது. வைத்தியசாலையில் வேலை செய்யும் நாங்கள் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும் எங்கள் நாட்டில் அது ஓடுகிறது. அதைத் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்பதே காரணம். அதன் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியதும் உண்டு. வகன் ஆருக்கு வருத்தம் வந்தால் கணினி பூட்டித்தான் கேட்க வேண்டும். ஆனாலும் மைனரின் 1098 சீசீ எஞ்சின் குடிக்கும் பெற்றோலை அதன் 658 சீசீ எஞ்சின் குடிக்காது. சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் இருந்தும், 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வாங்கிய எங்களுக்கு அந்த அருமை தெரியும்.

இனி இரும்புக் கதை. எடையில் இரண்டு கார்களும் ஏறத்தாழ ஒன்றுதான். மோதினால் பழைய காரின் ஸ்டியரிங் தண்டு ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி வரும். புதிய காரின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. எங்களுக்கு விழ வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஆசனப்பட்டி போடாவிட்டால் புதிய காரும் பழைய கார்தான். 2011 முதல் முன் ஆசனங்களுக்குப் பட்டி கட்டாயம். கந்தளாய் வீதியில் பொலிஸாரைக் கண்டதும் முன்னால் இருப்பவர் பட்டியை இழுத்துப் போடுவார். மடியில் இருக்கும் குழந்தைக்கு எதுவும் இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், 10 கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. தாயைக் காக்க விரியும் காற்றுப்பை குழந்தையின் தலையில்தான் அடிக்கும்.

பழைய காரை விற்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. உவர்மலைக்கும் கடற்கரைக்கும் அதில் ஆறுதலாகப் போய் வாருங்கள். தூரப் பயணத்துக்குப் புதியதை எடுங்கள். குழந்தையைப் பின்னால், அதற்குரிய ஆசனத்தில் இருத்திப் பட்டி போடுங்கள். அம்மம்மாவுக்கும் போட்டுவிடுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இதைத் தவறாமல் செய்யும் நீங்கள், ஊருக்கு வந்ததும் விட்டுவிடாதீர்கள்.