சோடா வேண்டாம், உருக்கி வார்ப்போம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வீட்டில் சவர்க்காரம் செய்யலாமா என்றதும் பலரும் கோஸ்டிக் சோடாவைத்தான் கேட்கிறீங்க. அது வேண்டாம். பட்ட இடம் வெந்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் ஒரே காம்பராவில் இருக்கிற லயத்தில் அதற்கு இடமே இல்லை.

கிளிசரின் சோப் பேஸ் கட்டியாகக் கிடைக்கிறது. சோடா வேலை அதில் முன்னமே முடிந்துவிட்டது. உருக்கி வார்ப்பதுதான் நம்ம வேலை.

கட்டியைச் சிறு துண்டாக வெட்டுங்கள். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, அதில் உருக்குங்கள். கொதிக்க விடாதீங்க. பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போதும். சற்று ஆறியதும் யோகட் கோப்பையில் ஊற்றி, மேலே காய்ந்த தேயிலை தூவுங்கள். பச்சைப் பூ போட்டால் கறுத்து அழுகும்.

சில மணி நேரத்தில் இறுகிவிடும். எடுத்தவுடன் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றுங்கள். கிளிசரின் நம்ம மலைப் பனியின் ஈரத்தை இழுக்கும். சவர்க்காரம் வியர்த்துப் போகும். விற்க நினைப்பவர்கள் இதை மறந்தால் போட்ட காசு திரும்பாது. முதலில் அரைக் கிலோவோடு தொடங்குங்கள்.