இரு பச்சைகள்



பச்சை நிறமுள்ளது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்று கீழ் வகுப்புகளில் கற்பிக்கிறோம். வேப்பிலைக்கும் அறுகம்புல்லுக்கும் அது பொருந்தும். ஆயின், நிறத்தைக் கண்டவுடன் அவ்வாறு முடிவு செய்துவிடலாமா? இவ்வினாவை மனத்திற் கொண்டு, இரண்டு உயிர்களை இன்று ஒப்புநோக்குவோம். ஒன்று கடல் நத்தை. மற்றது மரத்தில் வாழும் பங்கசு.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர உவர்ச் சதுப்புகளில் ‘எலீசியா குளோரோற்றிக்கா’ என்னும் ஓடில்லாத நத்தை வாழ்கின்றது. வளர்ந்த நத்தை பார்வைக்குப் பச்சை இலை போன்றதே. ஆனால், பிறக்கும்போது அதனிடம் அந்தப் பச்சை இல்லை. ‘வோச்சேரியா’ என்னும் அல்காவின் இழைகளைத் துளைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சுகின்றது. பச்சையவுருமணிகளைச் செரிக்காமல் தன் குடற்கலங்களில் வைத்துக்கொள்கின்றது. பின்னர், ஒளி கிடைக்குமாயின், வேறு உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது.

இனி, ஐரோப்பியக் காடுகளுக்குச் செல்வோம். அங்கே வீழ்ந்து கிடக்கும் ஓக் மரக் கிளைகள் சில, உள்ளும் புறமும் நீலப்பச்சையாகக் காணப்படும். ‘குளோரோசிபோரியா’ என்னும் பங்கசின் இழைகள் ஊட்டிய சாயம் அது. ‘சைலிந்தீன்’ எனப்படும் அச்சாயத்தைப் பங்கசு தானே ஆக்குகின்றது. இங்கிலாந்தின் ரன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரத் தச்சர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பேழைகளில் இழைத்து அழகு செய்தனர். எனினும், அப்பச்சை பச்சையம் அன்று. ஒளியைக் கொண்டு உணவாக்க அதனால் இயலாது. பட்ட மரமே அப்பங்கசுக்கு உணவு.

ஆகவே, நத்தையின் பச்சை இரவல். ஆனால் ஒளித்தொகுப்புச் செய்வது. பங்கசின் பச்சை சொந்தம். ஆனால் அத்தொழிலை அறியாதது.

அறிஞரும் இவ்விடயத்தில் தம் முடிவுகளைத் திருத்த நேர்ந்தது. அல்காவின் பரம்பரையலகு ஒன்று நத்தையினுள் குடியேறிவிட்டது என 2008இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2013இல் நத்தையின் முட்டைகளை ஆராய்ந்தோர் அதற்குச் சான்று காணவில்லை. அவ்வாண்டிலேயே, இதன் இனத்தைச் சார்ந்த வேறு நத்தைகள் இருளிலும் பல மாதம் பட்டினி தாங்கியமை தெரியவந்தது. எனவே, இரவற் பச்சை இத்தகைய நத்தைகளுக்கு எவ்வளவு உணவளிக்கின்றது என்பது விவாதத்துக்கு உரியதாயிற்று.

நம் பிள்ளைகளுக்கு விதியைக் கற்பிப்போம். அத்துடன், ‘இப்பச்சை எங்கிருந்து வந்தது? என்ன தொழில் செய்கின்றது?’ என்று வினவவும் பழக்குவோம். விதியை மனனஞ் செய்த பிள்ளை பரீட்சையில் தேறக்கூடும். வினவப் பழகிய பிள்ளையே இயற்கையை அறியும்.